பாவாடை கோணுகிறதா, நூல் சிக்குகிறதா? வீட்டுத் தையலில் கோளாறு தேடும் வழி

வீட்டில் தைக்கத் தொடங்கும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கோளாறு கண்ணில் படும் இடத்திலேயே அதைத் திருத்த முயன்று சலித்துப்போவதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். துணியின் அடியில் நூல் சிக்கினால் அடிநூலை நோண்டுவார்கள்; பிழை மேல்நூலில் இருக்கும். பாவாடையின் கீழ் ஓரம் ஏறி இறங்கினால் ஓரத்தைப் பிரித்து மறுபடி மடிப்பார்கள்; பிழை இடுப்பில் இருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு கோளாறையும் அதன் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணம் ஒளிந்திருக்கும் இடம்வரை போய்ப் பார்க்கிறேன். எலாஸ்டிக் பாவாடை, வட்டப் பாவாடை, துணிப்பை, சுருக்குப் பை, ஜிப் பை, கூந்தல் பட்டை ஆகியவை மட்டுமே இங்கே பேசப்படுகின்றன.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். அதே துணியின் வெட்டுத்துண்டு ஒன்றை இரண்டாக மடித்து, அதே நூலில் ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். துண்டிலும் அந்தக் கோளாறு வந்தால் இயந்திரத்தையும் ஊசியையும் நூலையும் பாருங்கள். துண்டில் தையல் ஒழுங்காக வந்தால் இயந்திரத்தைத் தொடாதீர்கள். வெட்டிய விதத்தையும் துணியைப் பிடித்துத் தைத்த விதத்தையும் ஆராயுங்கள்.

துணியின் அடியில் நூல் கூடு கட்டுகிறது

புதிதாகத் தைப்பவர்களிடமிருந்து அதிகமாகக் கேட்கும் குறை இதுதான். மேலே தையல் ஓரளவு ஒழுங்காகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் நூல் வளையம் வளையமாகத் தொங்கும், அல்லது முடிச்சு விழுந்து துணி இயந்திரத்தோடு மாட்டிக்கொள்ளும். மேலே ஒரு நிற நூலும், அடிநூலைச் சுற்றி வைக்கும் சிறு உருளையான பாபினில் வேறு நிற நூலும் போட்டுத் தைத்தால் விடை உடனே தெரிந்துவிடும். அடியில் தொங்குவது மேல்நூல். மேலே அதை இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது தளர்ந்து கீழே இறங்குகிறது.

மேல்நூலை முழுவதும் உருவி எடுத்துவிடுங்கள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்குங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டி மூடியிருக்கும். நூல் அவற்றின் இடையே நுழையாமல் வெளியில் வழுக்கிப் போய்விடும். பாதத்தைத் தூக்கினால் தட்டுகள் விலகி நூலை வாங்கிக்கொள்ளும். பிறகு கைச்சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றி ஊசியை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் நூல்கொக்கி அப்போது மேலே தெரியும். அதன் கண்ணுக்குள் நூல் கட்டாயம் விழ வேண்டும். கூடு கட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நூல் தவறியிருக்கும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல்முனைகளையும் பாதத்துக்குப் பின்னால் இழுத்து, முதல் சில தையல்கள் விழும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் கூடு கட்டினால் பாபினைப் பாருங்கள். மேலிருந்து பாபின் போடும் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில், நூலை இழுத்தால் பாபின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பாபின் உங்கள் இயந்திரத்துக்கு உரியதுதானா என்பதையும் உறுதி செய்யுங்கள். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாபின்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உயரத்தில் சிறு வேறுபாடு உண்டு. அந்தச் சிறு வேறுபாடே அடிநூலைக் கெடுக்கப் போதும். பழைய பாபின் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

டென்ஷன் திருகை இவ்வளவுக்கும் பிறகுதான் தொட வேண்டும். வீட்டு இயந்திரங்களில் சாதாரணப் பருத்திக்கு அது 4 என்ற எண்ணை ஒட்டி இருக்கும். முதல் வேலையாகத் திருகைத் திருப்பினால், பிழை எங்கே தொடங்கியது என்பதற்கான தடயமே அழிந்துவிடும்.

மாறாக, துணியின் மேல்பக்கத்தில் அடிநூல் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்த்தால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். திருகை அரை எண் குறைத்துத் துண்டில் தைத்துப் பாருங்கள்.

தையல் இடையிடையே விட்டுப்போகிறது

ஊசியை மாற்றுங்கள். வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஏறத்தாழ 8 மணி நேரம் தைத்தால் ஊசிமுனை மழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பழைய நைலான் காலுறையில் குத்தி இழுத்தால் இழை பற்றிக்கொண்டு வரும், அதிலிருந்து தெரியும். சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், பயன்படுத்தாத ஊசியும் துருப்பிடிக்கும். துருவேறிய ஊசியும் குண்டூசியும் வெளிர்நிறத் துணியில் பழுப்புப் புள்ளியை விட்டுச்செல்லும். அந்தக் கறை எளிதில் போகாது. ஊசிகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஊசியின் மேல்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் அந்தத் தட்டைப் பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். ஊசியை முட்டும்வரை மேலே தள்ளிய பிறகே ஊசியைப் பிடிக்கும் திருகை இறுக்குங்கள். இரண்டு மில்லிமீட்டர் கீழே நின்றாலும் தையல் விட்டுப்போகும்.

எண்ணும் பொருந்த வேண்டும். ‘வாயில்’ (voile) என்ற துணி போன்ற மெல்லிய பருத்திக்கும் ஜார்ஜெட்டுக்கும் 70. பாட்டிக், பாப்ளின் போன்ற சாதாரணப் பருத்திக்கு 80. லினனுக்கு 90. ஜீன்ஸ் துணிக்கும் பல மடிப்புகள் சேரும் பைக் கைப்பிடிக்கும் 100. டி-சட்டைத் துணி போன்ற பின்னல் துணிக்கு முனை உருண்ட தனி ஊசி தேவை. கூர்முனை ஊசி அதன் இழைகளை அறுத்துவிடும், தையலையும் தவறவிடும்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

நூலை ஒரு முழம் உருவி இரு கைகளாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் பட்டென அறுந்தால் நூலுக்கு வயதாகிவிட்டது. அம்மாவின் பிஸ்கட் டின்னிலிருந்து வந்த பருத்தி நூல்கண்டுகளை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றால் தைக்க வேண்டாம். நூல் வலுவாக இருந்தால், நூல்கண்டின் விளிம்பில் உள்ள வெட்டுப்பள்ளத்தில் அது மாட்டுகிறதா என்று பாருங்கள். நூல்முனையைச் செருகி வைப்பதற்கான அந்தப் பள்ளத்தைப் பலர் கவனிப்பதில்லை.

தையலை ஒட்டித் துணி சுருங்கி நிற்கிறது

மெல்லிய துணியில் இது அதிகம் வரும். தையல் நீளத்தை 2.5 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆகக் குறையுங்கள், 70 எண் ஊசி போடுங்கள், மேல்நூலைச் சற்றுத் தளர்த்துங்கள். தைக்கும்போது பாதத்துக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக விரித்துப் பிடிக்கலாம். ஆனால் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளைந்து ஊசித்தட்டில் மோதும்.

தைத்தபோது நன்றாக இருந்து, துவைத்த பிறகு சுருங்கினால் காரணம் பாபின் சுற்றிய வேகத்தில் இருக்கலாம். பாலியெஸ்டர் நூலை முழு வேகத்தில் பாபினில் சுற்றினால் அது நீண்டபடியே இறுகிவிடும்; தைத்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்து இழுக்கும். பாதி வேகத்தில் சுற்றினாலே போதும்.

இயந்திரம் முரடாகச் சத்தமிடுகிறது, துணி நகர மறுக்கிறது

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஊசித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் பஞ்சு அடர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். இந்த ஊரின் ஈரத்தில் அது இன்னும் அழுத்தமாகப் படியும். சிறு தூரிகையால் வெளியே எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், பஞ்சு உள்ளே போய்விடும், மூச்சின் ஈரமும் சேரும். பாபின் இருக்கும் குழியையும் துடையுங்கள். பற்கள் மேலே எழும்பவே இல்லை என்றால் அவற்றைக் கீழிறக்கும் விசை மாறியிருக்கலாம்.

எண்ணெய் விட வேண்டும் என்று கையேடு சொன்னால் தையல் இயந்திர எண்ணெய் மட்டுமே விடுங்கள், துளி அளவில். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அது பிசினாகிப் பஞ்சைப் பிடித்துவைத்து, இயந்திரத்தை இறுக்கிவிடும். எண்ணெய் விட்ட பிறகு பழைய துணியில் சில வரிசைகள் தைத்து, மிச்ச எண்ணெயை வெளியேற்றுங்கள்.

மோட்டார் சூடாகி எரிந்த வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த இயந்திரத்துக்கு மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக்கின் வடிவம் மட்டும் மாறும். ஜப்பானில் வாங்கிய 100 வோல்ட் இயந்திரத்தையோ அமெரிக்காவின் 120 வோல்ட் இயந்திரத்தையோ மின்மாற்றி இல்லாமல் இங்கே சொருகினால் மோட்டார் கருகிவிடும். இரண்டாங்கையாக வாங்குபவர்கள் அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் மேசை அதிர்ந்து கீழ்வீட்டுக்குச் சத்தம் போகிறது என்றால் இயந்திரத்தின் அடியில் ரப்பர் பாயோ தடித்த துண்டோ விரித்தாலே வெகுவாகக் குறையும்.

முதல் சலவைக்குப் பிறகு பாவாடை சிறுத்துவிட்டது, சாயமும் இறங்கிவிட்டது

தைத்து முடித்த பாவாடைக்கு இதில் மருந்து இல்லை. கீழ் ஓரத்தில் அதிகமாக மடித்து வைத்திருந்தால் இறக்கிவிடலாம், அவ்வளவுதான். அடுத்த துணிக்காவது இதைக் கடைப்பிடியுங்கள்: வெட்டுவதற்கு முன் துவையுங்கள்.

பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவது வழக்கம். 75 சென்டிமீட்டர் நீளப் பாவாடையில் 4 விழுக்காடு என்றால் 3 சென்டிமீட்டர் போய்விடும். முழங்காலை மூட வேண்டிய பாவாடை மூடாமல் நிற்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் பொதுவாகக் குறுக்கே ஓடும் ஊடை நூலைவிட அதிகமாகச் சுருங்குகிறது. அதனால் இழப்பு பெரும்பாலும் நீளத்தில் தெரிகிறது. பிற்காலத்தில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இப்போதும் துவையுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போடும் பழக்கம் உள்ளவர்கள் வெட்டாத துணியையும் அதில் போட்டு எடுக்க வேண்டும். கம்பில் காயப்போடுபவர்கள் துணியின் கரை, அதாவது நெய்து முடிந்த நீள ஓரம், கம்புக்கு இணையாக இருக்கும்படி விரியுங்கள். கோணலாகத் தொங்கினால் ஈரத்துணி இழை மாறி இழுபடும்.

அராப் ஸ்ட்ரீட்டிலோ பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலோ துணி வாங்கும்போது இந்தச் சுருக்கத்தையும் சேர்த்து, தேவைக்கு மேல் 15 சென்டிமீட்டர் கேளுங்கள். அகலத்தையும் கேட்டுவிடுங்கள். பருத்தித் துணிகள் பல 112 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். சில 150 வரை போகும். அகலம் தெரியாமல் நீளம் சொல்ல முடியாது.

சாயம் இறங்கும் துணி என்றால், குறிப்பாகக் கருஞ்சிவப்பும் நீலமும் உள்ள பாட்டிக் என்றால், குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள். நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்போ வினிகரோ போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே சாயமேற்றிக் கடைக்கு வந்துவிட்ட துணியில் அதை நம்பியிருக்க முடியாது. ஈரத்துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் அந்தத் துணிக்கு வெள்ளை லைனிங் வைக்காதீர்கள்.

நடக்க நடக்கப் பாவாடை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது

சமூக மன்றத் தையல் வகுப்பு ஒன்றில் ஒரு தங்கை கேட்டார்: “அக்கா, அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தேன். பக்கத் தையல் மட்டும் ஏன் முன்னால் வந்து நிற்கிறது?” அவர் சொன்னது உண்மை, அளவு சரியாகவே இருந்தது. துணியை மேசையில் விரித்தபோது இழை சாய்ந்திருந்தது.

நெய்த துணியில் பாவும் ஊடையும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். சுருட்டி வைத்த துணி கடையில் இழுபட்டு, ஊடை சாய்ந்துபோயிருக்கலாம். அந்த நிலையிலேயே வெட்டித் தைத்தால், சில சலவைகளில் இழை தன் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது பாவாடையும் சேர்ந்து திரும்பும். கடையில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த ஓரத்தை நம்பாதீர்கள். கரையை ஒட்டிச் சிறிதாக வெட்டி, ஒரே ஓர் ஊடை நூலைப் பிடித்து மெல்ல உருவுங்கள். அது விட்டுச்செல்லும் கோட்டின் வழியே வெட்டுங்கள். இறுக்கமாக நெய்த சாதாரணப் பருத்தியைக் கிழித்தே நேராக்கலாம். பிறகு கரையோடு கரை சேர்த்து மடித்துப் பாருங்கள். வெட்டிய ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை என்றால், துணியை ஈரமாக்கி, குறைந்த மூலைகளை இருவராக எதிரெதிரே பிடித்து மூலைவாட்டில் இழுத்துவிட்டு, தட்டையாகக் காயவைத்து இஸ்திரி போடுங்கள்.

அச்சுப் பூத்துணியில் ஒரு சிக்கல் உண்டு. அச்சு சில வேளைகளில் இழைக்கு நேராக விழுந்திருக்காது. இழைப்படி வெட்டினால் கோடுகள் சாய்ந்து தெரியும். கோட்டின்படி வெட்டினால் பாவாடை திரும்பும். சாய்வு சிறிதாக இருந்தால் நான் இழையின் பக்கமே நிற்பேன். பெரிதாக இருந்தால் அந்தத் துணியைப் பாவாடைக்கு எடுக்காதீர்கள். திரும்பிக்கொள்ளும் பாவாடையைப் பிரித்து மறுபடி தைப்பதிலும் பயன் இல்லை. அதைச் சுருக்குப் பைகளாக வெட்டிவிடுங்கள். சிறு பையில் இழைச் சாய்வு தெரியாது.

பின்பக்கத்தில் மயில் தலைகீழாக நிற்கிறதா? துணியைக் குறுக்கே மடித்து முன்னும் பின்னும் சேர்த்து வெட்டியதன் விளைவு அது. மேல் கீழ் உள்ள அச்சுக்கு இரண்டு துண்டுகளையும் ஒரே திசையில் தனித்தனியாக வெட்டுங்கள்; இரண்டு நீளம் துணி வாங்குங்கள்.

எலாஸ்டிக் பாவாடை இடுப்பில் ஏற மறுக்கிறது

இடுப்பை மட்டும் அளந்து வெட்டியிருப்பீர்கள். பாவாடை கடக்க வேண்டிய மிக அகலமான இடம் புட்டம். தைத்து முடித்த மேல் விளிம்பின் சுற்றளவு புட்டத்தின் சுற்றளவைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். நல்ல சுருக்கம் விழ வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு துணி எடுங்கள். வெட்டியாகிவிட்டது என்றால் பக்கத் தையல்களைப் பிரித்து இருபுறமும் ஒரு நீளப் பட்டையை நுழைத்துத் தைக்கலாம். வேறு நிறத் துணியாக இருந்தால் வேண்டுமென்றே வைத்ததுபோல் அழகாகவே அமையும்.

எலாஸ்டிக் உள்ளே முறுக்கிக்கொள்கிறது

எலாஸ்டிக்கை நுழைக்க இடுப்பில் மடித்துத் தைத்த பட்டி அளவுக்கு மீறி அகலமாக இருக்கிறது. 2.5 சென்டிமீட்டர் எலாஸ்டிக்குக்குப் பட்டியின் உள் அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் போதும். எலாஸ்டிக்கை நுழைத்து முனைகளை இணைத்த பிறகு, சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, இரண்டு பக்கத் தையல்களின் மேலும் செங்குத்தாக ஒரு தையல் போட்டுப் பட்டியோடு பிணைத்துவிடுங்கள். அதன் பிறகு முறுக்காது. இழுக்கும்போது அகலம் குறைந்து ஒடுங்கும் சடை எலாஸ்டிக்கைப் பட்டிக்குள் நுழைக்க மட்டும் பயன்படுத்துங்கள்; அதன் மேல் ஊசி ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் இழைகள் அறுந்து பிடிப்பு போய்விடும். பாவாடை இடுப்புக்கு நெய்த எலாஸ்டிக் நல்லது.

நுழைக்கும்போது ஊக்கு பாதியில் முட்டி நிற்கிறது என்றால், பக்கத் தையலின் உள் ஓரங்கள் பட்டிக்குள் எழுந்து வழி மறிக்கின்றன. பட்டியை மடிப்பதற்கு முன்பே அந்த ஓரங்களை விரித்து இஸ்திரி போட்டு, மேலே ஒரு தையல் போட்டுப் படியவைத்துவிடுங்கள்.

எலாஸ்டிக்கின் நீளத்துக்குக் கணக்கைவிட உடம்பு நம்பகமானது. இடுப்பில் சுற்றி, உட்கார்ந்து, எழுந்து, வசதியாக இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு இடுப்பளவைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் குறைவாக வரும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 2 சென்டிமீட்டர் சேருங்கள். சில மாதங்களில் தளர்ந்துவிட்டதா? வெப்பம் ரப்பரைக் கெடுக்கும்; உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் எலாஸ்டிக் சீக்கிரம் சாகும். பட்டியில் ஒரு சிறு இடைவெளியைக் கையால் மட்டும் மூடி வைத்தால் மாற்றுவது எளிது.

கீழ் ஓரம் ஒரே மட்டத்தில் இல்லை

கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் தூக்கி நிற்கிறதா? நேராக வெட்டிய துணி புட்டத்தின் மேலேறி இறங்கும்போது முன்பக்கத்தைவிட அதிக நீளத்தைச் செலவழிக்கிறது. இதற்குக் கீழே வெட்டாதீர்கள். பட்டியைப் பிரித்து, முன்பக்க நடுவில் மேல் விளிம்பை 1 முதல் 1.5 சென்டிமீட்டர் வளைவாக இறக்குங்கள். வளைவு பக்கத் தையலில் பூச்சியமாக முடியட்டும். முன்பக்கம் மேலே ஏறும், கீழ் ஓரம் சமமாகும். வயிறு முன்னால் இருப்பவர்களுக்கு நேர்மாறாக முன்பக்கம் தூக்கும்; அவர்கள் பின்பக்க நடுவை இறக்க வேண்டும்.

வட்டப் பாவாடையில் காரணம் வேறு. அதன் சுற்றில் சில இடங்கள் நேர் இழையிலும் சில இடங்கள் மூலைவாட்டிலும் தொங்குகின்றன. தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாட்டுப் பகுதி தன் எடையாலேயே நீளும். தைத்த அன்றே ஓரம் மடித்தால் அடுத்த வாரம் நான்கு இடங்களில் தொங்கும். இடுப்பைத் தைத்து முடித்து, கிளிப் போட்டுக் குறைந்தது ஒரு நாள் முழுவதும் தொங்கவிடுங்கள். பிறகு உடுத்திக்கொண்டு நில்லுங்கள். வேறொருவர் தரையில் அளவுகோலை நிறுத்தி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் குறிக்கட்டும். நீங்களே குனிந்து குறித்தால் குனிவதாலேயே அளவு மாறிவிடும்.

வளைந்த ஓரத்தில் அகல மடிப்பு வைத்தால் அது மடிப்பு மடிப்பாகச் சுருண்டு நிற்கும். ஒரு சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பை ஒட்டி நீண்ட தையல் ஒன்று போட்டு, அடிநூலை லேசாக இழுத்து, மிச்சத் துணியைச் சமமாக அடக்கிய பிறகு மடியுங்கள்.

வட்டத்தின் இடுப்பு பெரிதாகிவிட்டால் கணக்கைச் சரிபாருங்கள். முழு வட்டத்துக்கு ஆரம், இடுப்பளவை 6.28 ஆல் வகுத்தால் வருவது. அரை வட்டத்துக்கு 3.14. இடுப்பு 72 சென்டிமீட்டர் என்றால் முழு வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 11.5. இது தையல் விழும் கோடு. தையலுக்கு 1 சென்டிமீட்டர் விடுவதானால் 10.5 ஆரத்தில் வெட்ட வேண்டும். 11.5-இலேயே வெட்டினால் தையல் 12.5 ஆரத்தில் விழும். இடுப்பு 78-ஐத் தாண்டிவிடும். வெட்டியவுடன் கையில் தூக்குவதற்கு முன் விளிம்பை ஒட்டி ஒரு வரிசைத் தையல் போட்டுவிடுங்கள். மூலைவாட்டு விளிம்பு கையாலேயே நீளும்.

ஜிப் அலை அலையாக நிற்கிறது

ஜிப்பின் நாடா நீளாது, துணி நீளும். தைக்கும்போது நீண்டுபோன துணி, நீளாத நாடாவில் மாட்டிக்கொண்டு அலையாக எழுகிறது. பிரித்து, துணியின் உள்பக்கம் ஜிப் வரும் இரு ஓரங்களிலும் 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்டும் கேன்வாஸ் (துணியை விறைப்பாக்கும், பசை பூசிய உள்துணி) பட்டையை இஸ்திரியால் ஒட்டுங்கள். கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திய பிறகு இயந்திரத்தில் தையுங்கள். இரு பக்கங்களையும் கீழிருந்து மேல்நோக்கியே தையுங்கள். ஒன்றை மேலிருந்தும் மற்றொன்றைக் கீழிருந்தும் தைத்தால் இடுப்பில் இரு முனைகளும் உயரம் மாறி நிற்கும்.

கேன்வாஸ் ஒட்டிய இடத்தில் கொப்புளம்

இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்திருப்பீர்கள். ஒட்டும் கேன்வாஸை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் 10 முதல் 15 வினாடி, பிறகு தூக்கி அடுத்த இடம். ஆறும்வரை துணியை அசைக்காதீர்கள். பசை ஆறும்போதுதான் பிடிக்கிறது. துவைக்காத துணியில் ஒட்டிப் பிறகு துவைத்தால் துணி மட்டும் சுருங்கிக் கொப்புளம் வரும். அதற்கு மாற்று இல்லை.

துணிப்பையின் கைப்பிடி பிய்ந்துவிடுகிறது

2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் வந்த பிறகு, வீட்டில் தைத்த பையோடு கடைக்குப் போக நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் 5 கிலோ அரிசி மூட்டையைத் தாங்காத பை பை ஆகாது. கைப்பிடியைப் பையின் விளிம்பில் மட்டும் ஒரு வரிசைத் தையலில் பிடித்தால் எடை முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழும். கைப்பிடியின் முனை மேல் மடிப்புக்குக் கீழே 3 சென்டிமீட்டராவது இறங்கட்டும். அங்கே ஒரு சதுரமும் அதனுள் பெருக்கல் குறியும் தையுங்கள். மெல்லிய துணி என்றால் அந்த இடத்தின் உள்பக்கம் ஒரு துண்டுத் துணியை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். துணிதான் கிழிகிறது, நூல் தாங்கும். தோளில் மாட்ட 60 முதல் 65 சென்டிமீட்டர் நீளம் வசதி. பைக்குள் கைப்பிடியை வைக்கும்போது முறுக்கு இல்லை என்பதைக் குண்டூசி குத்தும்போதே பார்த்துவிடுங்கள்.

சுருக்குப் பை முழுவதும் மூட மறுக்கிறது

வாய்ப்பகுதித் துணி தடிமனாக இருக்கிறது, அல்லது கயிறு ஒன்றுதான் இருக்கிறது. கேன்வாஸ் ஒட்டுவதானால் பட்டிக்குக் கீழேயே நிறுத்துங்கள். இரண்டு கயிறுகளை எதிரெதிர்த் திசையிலிருந்து முழுச் சுற்று ஓடவிட்டு, இரு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாய் இறுக மூடும். கயிறு வெளிவரும் வாயில் நூல் பிரிந்து வந்தால், பட்டியை மடிப்பதற்கு முன் அந்த இடத்தின் ஓரங்களை உள்ளே மடித்துத் தைக்க மறந்திருக்கிறீர்கள்.

ஜிப் பையைத் திருப்ப முடியவில்லை

கடைசித் தையலுக்கு முன் ஜிப்பைப் பாதியாவது திறந்து வைத்திருக்க வேண்டும். மூடியபடி தைத்தாகிவிட்டது என்றால் லைனிங்கின் அடியில் திருப்புவதற்கு விட்ட இடைவெளி வழியே விரலை நுழைத்து, ஜிப்பைத் திறந்து மூடும் ஓட்டியைப் பின்னிருந்து தள்ளலாம். மூலைகள் உருண்டையாக, கட்டியாக நின்றால் உள்ளே மூலையின் மிச்சத் துணியைத் தையலுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளிச் சாய்வாக வெட்டிவிட்டுத் திருப்புங்கள். கத்தரிக்கோல் முனையால் குத்தி வெளியே தள்ளாதீர்கள். முனை மழுங்கிய சாப்ஸ்டிக் குச்சி நல்லது. உலோகப் பல் ஜிப்பின் குறுக்கே இயந்திரம் ஓடினால் ஊசி உடையும். நைலான் ஜிப்பை வாங்குங்கள், தேவையான நீளத்துக்கு வெட்டியும் தைக்கலாம்.

கூந்தல் பட்டையில் ஒரே ஒரு குறைதான் திரும்பத் திரும்ப வரும்: எலாஸ்டிக் முடிச்சு அவிழ்ந்துவிடும். முடிச்சிடாமல் முனைகளை ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றி, ஜிக்ஜாக் தையலை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். 10 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் எலாஸ்டிக் போதும்.

எல்லாம் மாற்றியும் இயந்திரம் தைக்க மறுக்கிறது

ஊசி புதிது, நூல் புதிது, நூல் கோத்த வழி சரி, பஞ்சு இல்லை. ஆனாலும் ஒரு தையல்கூட விழவில்லை. தடித்த இடத்திலோ குண்டூசியிலோ ஊசி பலமாக மோதிய பிறகு இது தொடங்கியிருந்தால், ஊசியும் அடியில் சுற்றும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கிறது. வீட்டில் திருகுகளைக் கழற்றாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது மின்கம்பி, கால்மிதி, பாபின் ஆகியவற்றுடன் நீங்கள் தைத்துக்கொண்டிருந்த துணியின் துண்டையும் அதே நூலையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் தன்னிடமுள்ள துணியில் தைத்துக் காட்டினால் போதாது. உங்கள் துணியில், உங்கள் நூலில் அங்கேயே தைத்துக் காட்டச் சொல்லி, திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.